91 ஆட்டங்கள் யாருக்காக?

இந்தியன் சூப்பர் லீக்கின் 12-ஆவது பருவம் 2026 பிப்ரவரி 14 அன்று தொடங்குகிறது. 14 அணிகளும் ஆடும், மொத்தம் 91 ஆட்டங்கள் நடக்கும் என்று ஜனவரி 6-ஆம் தேதி ஒன்றிய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்தார். கடந்த இரண்டு முறையும் செப்டம்பரிலேயே தொடங்கிவிட்ட பருவம் இது. இந்த முறை ஐந்து மாதம் தள்ளிப்போய், நடக்குமா நடக்காதா என்ற கேள்வியிலேயே பாதி ஆண்டு கரைந்துவிட்டது. ஜனவரி தொடக்கத்தில் சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் போன்ற தேசிய அணி வீரர்களே காணொளியில் தோன்றி, இந்தியக் கால்பந்தைக் காப்பாற்றுங்கள் என்று ஃபிஃபாவிடம் முறையிட வேண்டியதாயிற்று. ஒரு நாட்டின் முதல்நிலை லீக் தொடங்கும் தேதியை அமைச்சர் வந்து சொல்லும் நிலை எப்படி வந்தது, இந்தப் பருவத்திலிருந்து நாம் எதை எதிர்பார்க்கலாம் என்பவையே இங்கே என் கேள்விகள். கோப்பை யாருக்கு என்பதும் முக்கியந்தான். அதையும் பார்ப்போம்.

சிக்கலின் வேர் 2010-இல் இருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பர் 9 அன்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ரிலையன்ஸும் ஐ.எம்.ஜி.யும் சேர்ந்த கூட்டு நிறுவனத்தோடு 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. தொகை 700 கோடி ரூபாய். ஒளிபரப்பு உரிமை, விளம்பர உரிமை, புதிதாக ஒரு லீக் தொடங்கி நடத்தும் உரிமை ஆகியவை அந்த ஒரே கையெழுத்தில் கைமாறின. அதிலிருந்து பிறந்ததுதான் ஐ.எஸ்.எல். 2014 அக்டோபர் 12 அன்று கொல்கத்தாவில் முதல் ஆட்டம். எட்டு அணிகள். தில்லிக்கு அலெஸ்ஸாண்ட்ரோ டெல் பியரோ, கோவாவுக்கு ராபர்ட் பிரேஸ், புனேவுக்கு டேவிட் ட்ரெசெகே, கேரளத்துக்கு டேவிட் ஜேம்ஸ் என்று உலகக் கோப்பை மேடையில் பார்த்த முகங்கள் இங்கே வந்து இறங்கின. முதல் பருவத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரியாகச் சுமார் 25,000 பேர் அரங்குக்கு வந்தார்கள். அந்த உற்சாகம் பொய்யில்லை. கால்பந்து பார்க்க ஆளில்லை என்ற பழைய பேச்சை அந்த இரண்டு மாதம் வாயடைக்க வைத்தது.

ஆனால் லீக் மொத்தமும் ஓர் ஒப்பந்தத்தின் மேல் நின்றது. ஒப்பந்தம் முடியும் நாள் 2025 டிசம்பர் 8 என்பது எல்லோருக்கும் 15 ஆண்டுகளாகத் தெரியும். அதற்குப் பிறகு என்ன என்று யாரும் உரிய காலத்தில் உட்கார்ந்து பேசவில்லை. கூட்டமைப்பின் விதிமுறைகள் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால், தீர்ப்பு வரும்வரை புது ஒப்பந்தம் போட வழியில்லாமல் போனது. 2025 ஜூலை 11 அன்று, லீக்கை நடத்திவந்த எஃப்.எஸ்.டி.எல். நிறுவனம் பருவத்தை நிறுத்திவைப்பதாகக் கழகங்களுக்குத் தெரிவித்தது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணி வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. அடுத்த ஓரிரு நாளில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் விதிமுறைகளுக்கு ஒப்புதல் தந்தது. அக்டோபரில் டெண்டர் வெளியானது: 15 ஆண்டு வணிக உரிமை, ஆண்டுக்குக் குறைந்தது 37.5 கோடி ரூபாய் அல்லது மொத்த வருவாயில் 5 சதவீதம். கடைசி நாள் நவம்பர் 7. ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 140 கோடி மக்கள் உள்ள நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீக்கை விலைக்குக் கேட்க ஒருவரும் வரவில்லை. பணக்காரர்களுக்குக் கால்பந்தின் மேல் பிடிப்பில்லை என்று இதைச் சொல்லிக் கடந்துவிட முடியாது. பதினோரு பருவம் நடந்தும் பெரும்பாலான கழகங்கள் நட்டத்தில்தான் ஓடுகின்றன. டிக்கெட் வருமானம் சிறிது, ஒளிபரப்பு வருமானம் அதைவிடப் பெரிதாக இல்லை, வீரர்களை விற்று வாங்கும் சந்தை இன்னும் உருவாகவே இல்லை. செலவு மட்டும் உலகத் தரத்தில். இதில் நுழைகிறவர் எதை நம்பி ஆண்டுக்கு 37.5 கோடியை முன்கூட்டி உறுதி சொல்வார்? டெண்டர் போட்டவர்கள் பழைய ஒப்பந்தத்தின் கணக்கை வைத்துக்கொண்டே புது விலையை நினைத்தார்கள் என்பது என் கருத்து.

நம் நாட்டுக் கால்பந்து வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் இது முதல் முறை இல்லை என்பது புரியும். 1996-97-இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியது. முதல் சாம்பியன் பஞ்சாபின் பக்வாராவைச் சேர்ந்த ஜே.சி.டி. மில்ஸ். நம் சென்னையிலிருந்து இந்தியன் வங்கி அணி அந்த லீக்கில் ஆடியிருக்கிறது. அப்போதைய அமைப்பு வேறு. வங்கி, ரயில்வே, துறைமுகம், சுங்கத் துறை, மில் என்று வேலை கொடுப்பவரே அணி வைத்திருந்தார். நன்றாக ஆடும் பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் உத்தியோகம் கிடைக்கும். காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வூதியம். தமிழ்நாட்டின் எத்தனையோ குடும்பங்கள் ஒரு காலின் திறமையால் மேலேறியது இப்படித்தான். சென்னை லீக்கின் பெயர்ப் பட்டியலை எடுத்தால் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, ஐ.ஓ.பி., வருமான வரித் துறை, கணக்குத் தணிக்கை அலுவலகம் என்று அது அரசுத் துறைகளின் பட்டியலாகவே இருக்கும்.

2007-08-இல் தேசிய லீக் ஐ-லீக் ஆனது. தொழில்முறை ஆட்டம் வந்துவிட்டது, இனிக் கழகம் தனி நிறுவனமாக இருக்க வேண்டும், உரிமம் வேண்டும் என்றார்கள். தேவைதான். ஆனால் துறை அணிகள் மேல்மட்டத்திலிருந்து நகர, அவற்றின் இடத்தில் வந்தவர்கள் நிலைக்கவில்லை. மும்பையின் மகிந்திரா யுனைடெட் 2010-இல் கடையைக் கட்டியது. முதல் சாம்பியனான ஜே.சி.டி. 2011-இல் மூடப்பட்டது. 2016-இல் கோவாவின் டெம்போ, சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்றும் ஐ-லீக்கை விட்டு விலகின. ஐ.எஸ்.எல்.லிலும் அதே கதை. புனே சிட்டி 2019-இல் இல்லாமல் போய் ஹைதராபாத் அணி வந்தது. அந்த ஹைதராபாத் 2021-22-இல் கோப்பையே வென்றது. இப்போது அதுவும் தில்லிக்கு இடம் மாறி ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆகிவிட்டது. தில்லியில் இருந்த டைனமோஸ் 2019-இலேயே ஒடிசாவுக்குப் போய்விட்டது. ஊரை மாற்றினால் விசிறிகளும் கூடவே வண்டி ஏறுவார்களா? ஹைதராபாத்தில் மூன்று ஆண்டு அந்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு கத்திய சிறுவன் இந்தப் பருவத்தில் எந்த அணியை ஆதரிப்பான் என்று யாரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் இன்னும் வலியோடு கிடைத்திருக்கிறது. 2019 மார்ச் 9, கோவை நேரு விளையாட்டரங்கம். ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்.சி.யும் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலும் பட்டத்துக்குப் போட்டி. ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஆடிக்கொண்டிருந்தது. கோவையில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை சென்னை பின்தங்கியே இருந்தது. இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல் போட்டார். 3-1. மொத்தம் 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தமிழ்நாட்டு அணி ஒன்று தேசிய லீக் பட்டத்தை முதல் முறையாகத் தூக்கியது. சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல். எட்வின் வன்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம் பையன்கள் ஆடினார்கள். ஸ்விட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் அந்தக் கழகத்தில் 26 சதவீதப் பங்கு வாங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். சாம்பியனான அணிக்கு ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறும் வழி இல்லை, ஏனென்றால் அப்போது ஐ.எஸ்.எல். பணம் கட்டி நுழையும் ஃபிரான்சைஸ் லீக். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியை அகமதாபாத்தில் வைத்துச் சந்தித்து 0-1 என்று தோற்றது. 2020-21 பருவத்தோடு தேசிய லீக்கில் சென்னை சிட்டியின் கதை முடிந்தது. பட்டம் வென்று இரண்டே ஆண்டில்! ஆட்டத்தில் ஜெயித்தவனுக்கு அடுத்த படி இல்லையென்றால், ஆட்டத்தில் பணம் போட்டவனுக்கு அடுத்த ஆண்டு இல்லை. இந்த ஒரு கழகத்தின் வாழ்க்கையை ஒழுங்காக ஆய்ந்தால் போதும், இந்திய லீக்கின் நோய் என்னவென்று கண்டுபிடிக்க வேறு குழு அமைக்க வேண்டியதில்லை.

சென்னையின் எஃப்.சி.யின் கதை இதிலிருந்து வேறு. அபிஷேக் பச்சன், விடா தானி, தோனி ஆகியோரின் பெயரோடு வந்த அணி. 2015 டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்தாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் உள்ளூர் அணியை 3-2 என்று வீழ்த்தியது. 90 நிமிடம் முடியும்போது பின்தங்கியிருந்து, கூடுதல் நிமிடங்களில் ஸ்டிவன் மென்டோசா வெற்றி கோல் போட்ட ஆட்டம் அது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரின் கண்டீரவா அரங்கில் பெங்களூரு அணியை அதே 3-2 கணக்கில் வென்றது. மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டியதை இன்றும் பார்த்தால் சிலிர்க்கும். இரண்டு கோப்பையும் எதிரணியின் சொந்த மைதானத்தில். ஆனால் 2024-25-இல் 13 அணிகளில் 11-ஆவது இடம். வரும் பருவத்துக்குக் கோவாக்காரரான கிளிஃபர்ட் மிராண்டா தலைமைப் பயிற்சியாளர். ஓர் இந்தியரிடம் அணியை ஒப்படைத்ததை நான் வரவேற்கிறேன். தேசிய அணியையும் காலித் ஜமீல்தான் நடத்துகிறார். பயிற்சிக்கு மிராண்டாவுக்குக் கிடைத்த நாட்கள் மிகக் குறைவு என்பதை மட்டும் விமர்சகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இனி பருவத்துக்குள் போவோம். 14 அணிகள், ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒரே முறை. அப்படியென்றால் ஓர் அணிக்கு 13 ஆட்டம். கடந்த பருவத்தில் ஓர் அணிக்கு லீக் சுற்றில் மட்டும் 24 ஆட்டம் இருந்தது. ஏறக்குறைய பாதி. சொந்த மைதானத்தில் ஆறோ ஏழோதான். இரண்டு சுற்று ஆடும் வழக்கமான லீக்கில், இங்கே தோற்றால் அங்கே போய் ஈடுகட்டலாம். இதில் அது கிடையாது. மோகன் பகானை உங்கள் ஊரில் சந்திக்கிறீர்களா, கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் சந்திக்கிறீர்களா என்பதை அட்டவணையே தீர்மானித்துவிடும். முதல் நான்கு ஆட்டத்தில் தடுமாறும் அணிக்குப் பிறகு எழுந்துகொள்ள நேரமே இருக்காது. மாதக்கணக்கில் போட்டி ஆட்டமில்லாமல் இருந்த கால்கள் வேறு. சூப்பர் கோப்பை நடந்தது உண்மைதான். டிசம்பர் 7 அன்று ஃபதோர்தாவில் எஃப்.சி. கோவா, ஈஸ்ட் பெங்காலைப் பெனால்டியில் வீழ்த்தி அதை வென்றது. மற்ற அணிகளில் பலவற்றுக்கு அதுவும் மூன்று ஆட்டங்களைத் தாண்டவில்லை. தசைப் பிடிப்பும் முழங்கால் காயமும் இந்தப் பருவத்தின் பெரிய எதிரிகளாக இருக்கும்.

இன்னொன்றையும் அட்டவணை போடுபவர்கள் மறந்துவிடக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம், அசாம் ஆகிய நான்கு மாநிலங்களுக்கும் சட்டமன்றத் தேர்தல் காலம். சென்னையின் எஃப்.சி., கேரளா பிளாஸ்டர்ஸ், கொல்கத்தாவின் மூன்று அணிகள், நார்த்ஈஸ்ட் யுனைடெட் என்று ஆறு அணிகளின் ஊர் இவை. காவல் துறை தேர்தலுக்குப் போய்விட்டால் அரங்கத்துக்குப் பாதுகாப்பு தர ஆள் இருக்காது. அதோடு சித்திரை வெயில். இரவு ஏழரை மணிக்கும் சென்னையில் புழுக்கம் குறையாது. சொந்த மைதான ஆட்டங்களை மார்ச்சுக்குள் நெருக்கிவிட்டால் வீரர்கள் களைப்பார்கள், ஏப்ரலுக்குத் தள்ளினால் அரங்கம் கிடைக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

யார் வெல்வார்? கடந்த ஆண்டு லீக் கேடயத்தையும் கோப்பையையும் சேர்த்துத் தூக்கிய மோகன் பகான்தான் இன்னமும் வலுவான அணி. அங்கே ஹோசே மொலினா போய் செர்ஹியோ லொபேரா வந்திருக்கிறார். இந்த லீக்கை லொபேராவைப் போல அறிந்தவர்கள் குறைவு. மனோலோ மார்க்கெஸின் கோவா நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. ஈஸ்ட் பெங்காலில் நம் நந்தகுமார் சேகர் பக்கவாட்டில் ஓடத் தொடங்கினால் எந்தத் தடுப்பும் கலங்கும். 2023 ஆகஸ்டில் டூராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல் கொல்கத்தாவில் இன்றும் பேசப்படுகிறது. புதிதாக ஏறிவந்திருக்கும் வாரணாசியின் இன்டர் காசி, சர்ச்சில் பிரதர்ஸோடு நடந்த வழக்கில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் தன் பட்டத்தை மீட்ட அணி. ஆடுகளத்தில் கிடைத்ததைக் காகிதத்தில் மீட்டெடுக்க அவர்களுக்கு ஜூலை மாதம்வரை ஆயிற்று.

இழப்புகளையும் சொல்ல வேண்டும். 2019 முதல் மும்பை சிட்டியில் இருந்த சிட்டி ஃபுட்பால் குரூப் டிசம்பரில் விலகிவிட்டது. மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கும் நிறுவனம் அது. கேரளா பிளாஸ்டர்ஸின் அட்ரியான் லூனா கடன் ஒப்பந்தத்தில் இந்தோனேசிய அணிக்குப் போய்விட்டார். நல்ல வெளிநாட்டு வீரர் நிச்சயமில்லாத லீக்குக்கு ஏன் வருவார்? ஆனால் இதிலும் ஒரு வாசல் திறக்கிறது. 2014-இல் களத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள்வரை இருந்தார்கள். 2017-18-இல் ஐந்து, 2021-22-இல் நான்கு என்று அது குறைந்தது. இந்த முறை பல அணிகளில் அந்த நான்கு இடங்களும் நிரம்பாமல் போகலாம். முன்களத்தில் உள்ளூர்ப் பையன் நிற்க நேர்ந்தால் அது இந்தியாவுக்கு வரம். சேத்ரிக்குப் பிறகு யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். கேட்கும் இடத்தில் பதினோரு ஆண்டாக வெளிநாட்டவரை நிறுத்தியிருந்தோம்.

முன்களத்தின் இந்த வறட்சியின் விளைவு தேசிய அணியில் தெரிகிறது. 2025 அக்டோபர் 14 அன்று மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதியை இந்தியா இழந்தது. நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. அந்த நவம்பரின் ஃபிஃபா தரவரிசையில் 142-ஆவது இடம். 1996-இல் 94-ஆவது இடத்தில் இருந்த நாடு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக கோல் போட்டவர் நம் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தர்ராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல் அது. அறுபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

இதே பிப்ரவரியில் ஜப்பானிலும் ஒரு குறும்பருவம் தொடங்குகிறது. அங்கே லீக்கை வசந்தத்திலிருந்து இலையுதிர் காலத்துக்கு மாற்றுகிறார்கள். 2026 ஆகஸ்டில் புது முறை தொடங்குமுன் இருக்கும் இடைவெளியை நிரப்ப, பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை ஒரு சிறப்புத் தொடர். அதில் தரம் இறக்கம் இல்லை, நம்முடையதைப் போலவே சுருக்கமான தொடர். வித்தியாசம் என்னவென்றால் அவர்கள் 2023 டிசம்பரிலேயே முடிவெடுத்து அறிவித்துவிட்டார்கள். இரண்டு ஆண்டு அவகாசம். 1993-இல் 10 கழகங்களோடு தொடங்கிய ஜே-லீக்கில் இன்று மூன்று பிரிவுகளில் 60 கழகங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஊரைத் தன் தாய்வீடாக அறிவித்து, அந்த ஊரின் பள்ளிகளோடும் நகராட்சியோடும் சேர்ந்து இயங்க வேண்டும் என்று அங்கே முதல் நாளிலிருந்தே விதித்தார்கள். மறுபக்கம் சீனா. பெரும் பணம் கொட்டி நட்சத்திரங்களை அழைத்து வந்தார்கள். 2020-இல் சாம்பியனான ஜியாங்சு 2021 பிப்ரவரியில் இயக்கத்தை நிறுத்தியது. எட்டு முறை சாம்பியனான குவாங்சௌ 2025 ஜனவரியில் கலைக்கப்பட்டது. நாம் 2014-இல் சீன வழியை எடுத்தோம், 2026-இல் ஜப்பான் வழிக்குத் திரும்ப இன்னும் வாய்ப்பிருக்கிறது.

நான் இதை எழுதும் திருவண்ணாமலையின் ரமணாசிரமம் பகுதியில் கால்பந்து புதிதில்லை. ரமண மகரிஷி, வேங்கடராமன் என்ற சிறுவனாக மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தபோது பாடத்தைவிடக் கால்பந்திலும் மல்யுத்தத்திலும் நீச்சலிலும் ஈடுபாடு கொண்டவர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அவர் சேர்ந்த பக்கம் ஜெயிக்கும் என்பதால் தோழர்கள் 'தங்கக்கை' என்று கூப்பிட்டார்களாம். 1896 செப்டம்பர் 1 அன்று அவர் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். 1890-களில் மதுரைப் பள்ளிக்கூடத்தில் பந்து உதைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். மோகன் பகான் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி கிழக்கு யார்க்ஷயர் படையை வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. கேடயம் வென்றது 1911-இல்தான். அதற்கும் முன்பே நம் மண்ணில் இந்த ஆட்டம் இருந்திருக்கிறது.

இன்று செங்கம் சாலையின் பின்பக்கத் தெருக்களில், வீடு எழும்பாத மனைகளில் சாயங்காலம் பையன்கள் ஆடுகிறார்கள். கோல் கம்பத்துக்கு இரண்டு செங்கல். நெருஞ்சி முள் குத்தி இரண்டு நாளுக்கொரு முறை பந்தில் காற்று இறங்கும், சைக்கிள் கடைக்குப் போய் அடித்துக்கொண்டு வருவார்கள். மார்கழி, தை மாதங்களில் ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டினர் சிலர் அவர்களோடு சேர்ந்து ஆடுவதும் உண்டு. அர்ஜென்டினாக்காரர் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தால் போதும், மெஸ்ஸி சட்டை போட்ட பையனுக்குக் கால் தரையில் நிற்காது. கடைத்தெருவில் அர்ஜென்டினா, போர்ச்சுகல், ரியல் மாட்ரிட் சட்டை கிடைக்கிறது. சென்னையின் எஃப்.சி.யின் நீலச் சட்டையை நான் இங்கே பார்த்ததில்லை. அந்தப் பையன்களிடம் கேட்டேன், ரியல் மாட்ரிட்டின் பதினோரு பேரையும் ஒப்பிக்கிறார்கள், சென்னை அணியின் கோல்கீப்பர் பெயர் ஒருவனுக்கும் தெரியவில்லை. தப்பு அவர்களுடையதில்லை. ஓர் அணியும் இந்த மாவட்டத்தின் பக்கம் வந்து ஒரு நாள் பயிற்சிகூடக் கொடுக்காதபோது எந்த உறவில் அவர்கள் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்வார்கள்? மனைகளும் ஒவ்வொன்றாக விடுதிகளாகிக்கொண்டிருக்கின்றன. இன்னும் சில ஆண்டுகளில் அந்தச் செங்கல் வைக்கவும் இடம் இருக்காது.

இங்கிருந்து ஒரு பையன் மேலே போகும் வழி எது? பள்ளி அணி, குறுவட்டப் போட்டி, முதலமைச்சர் கோப்பை, அதில் கண்ணில் பட்டால் விளையாட்டு விடுதி, பிறகு சென்னை லீக்கில் ஏதாவது ஓர் அணி. நம் கிராமங்களில் கபடிக்கும் வாலிபாலுக்கும் உள்ள செல்வாக்கில் கால்பந்துக்குப் பாதி இருந்தாலே பெரிது. தமிழ்நாட்டில் கால்பந்து செழித்த இடங்களைப் பாருங்கள். கன்னியாகுமரியின் தூத்தூர், இரவிபுத்தன்துறை போன்ற கடற்கரை ஊர்கள், வடசென்னையின் வியாசர்பாடி. மைக்கேல் சூசைராஜ் அந்தக் கடற்கரையிலிருந்தும் தனபால் கணேஷ் வியாசர்பாடியிலிருந்தும் ஐ.எஸ்.எல். வரை வந்தார்கள். சிவகங்கைப் பக்கத்துப் பையனான சிவசக்தி நாராயணன், முன்னாள் தேசிய வீரர் ராமன் விஜயனின் பயிற்சிக்கூடம் வழியாகப் பெங்களூரு அணிக்குப் போனார். பெண்களில் கடலூரின் இந்துமதி கதிரேசன் தேசிய அணியின் நடுக்களத்தைத் தாங்கியவர். மதுரையின் சேது எஃப்.சி. 2018-19-இல் இந்திய மகளிர் லீக் பட்டம் வென்றது. சென்னை சிட்டி கோவையில் ஜெயித்த அதே பருவம். இவர்களில் யாரையும் லீக்கின் பெரும் பணம் உருவாக்கவில்லை. ஓர் ஊரின் பழக்கமும், தன் சம்பளத்தைப் போட்டுப் பந்து வாங்கித் தந்த ஒரு பயிற்சியாளரும்தான் உருவாக்கினார்கள்.

ஆகவே இந்தப் பருவம் நடக்க வேண்டும் என்றே நான் சொல்வேன், இந்தக் குறைகளோடாவது. ஓர் ஆண்டு முற்றிலும் விடுபட்டால் வீரர்களின் வாழ்க்கையில் அந்த ஆண்டு திரும்ப வராது. வண்டியோட்டிகள், மருத்துவ உதவியாளர்கள், புல்தரைப் பணியாளர்கள் ஆகியோரின் சம்பளமும் அப்படித்தான். ஆனால் இதை மாதிரியாக எடுத்துக்கொண்டால் அடுத்த ஆண்டும் ஒரு ஜனவரியில் அமைச்சர் வந்து தேதி சொல்வார். ஐ.எஸ்.எல்., ஐ-லீக் ஆகிய இரண்டையும் சேர்த்து நடத்த சுமார் 25 கோடி ரூபாய் பொது நிதி என்றார்கள். இது உயிரைக் காப்பாற்றும் தொகை, வளர்க்கும் தொகையாகாது. ஆசியக் கழகப் போட்டிகளுக்குத் தகுதி பெற ஓர் அணி குறைந்தது 24 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்பது ஆசியக் கூட்டமைப்பின் விதி. 13 ஆட்டத்துக்கு விலக்கு கேட்டுப் போய் நிற்கிறோம். ஒரு முறை கேட்கலாம்.

மே மாதம் பருவம் முடிவதற்குள் தீர வேண்டியவை சில. கழகங்களுக்கு லீக்கில் உண்மையான பங்குரிமை வேண்டும். இத்தனை ஆண்டு நட்டத்தைச் சுமந்தவர்களுக்கு முடிவெடுக்கும் மேசையில் இடமில்லாமல் இன்னொரு நிறுவனத்திடம் மொத்தமாக ஒப்படைத்தால் பழைய கதைதான். தரம் இறக்கத்தை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். 2019-இல் போட்ட வழிகாட்டித் திட்டம் 2024-25 முதல் அது இருக்கும் என்றது. அந்தப் பருவத்தில் கடைசி இடம் பிடித்த முகமதன் ஸ்போர்ட்டிங் இந்த முறையும் ஆடுகிறது. கீழே விழும் பயம் இல்லாத இடத்தில் கடைசி ஐந்து ஆட்டத்துக்கு அர்த்தமில்லை, கீழேயிருந்து ஏறி வருபவனுக்கும் இடமில்லை. பஞ்சாப், முகமதன், இன்டர் காசி என்று மூன்று அணிகள் ஏறிவந்தது நல்ல தொடக்கம். நாளை கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஓர் அணி அப்படி ஏற வேண்டுமானால் கதவு இரண்டு பக்கமும் திறக்க வேண்டும்.

சென்னையின் எஃப்.சி.யிடம் எனக்கு ஒரு தனிக் கோரிக்கை. அட்டவணையில் சொல்லும் வாய்ப்பிருந்தால் சனி, ஞாயிறு ஆட்டங்களை மாலை ஐந்து மணிக்குக் கேளுங்கள். திருவண்ணாமலையிலிருந்து சென்னை கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். 2024 மே முதல் அதிகாலையில் இங்கிருந்து கடற்கரை நிலையம் வரை ரயிலும் ஓடுகிறது. வருவது எளிது, திரும்புவதுதான் கடினம். ஏழரை மணி ஆட்டம் ஒன்பதரைக்கு முடிந்து, நேரு அரங்கத்திலிருந்து புறநகர் ரயிலில் வண்டலூர் போய், கிளாம்பாக்கத்தில் பேருந்து பிடித்தால் ஊர் சேர அதிகாலை மூன்றாகும். பள்ளிப் பையனை எந்தத் தாய் அனுப்புவாள்? ஐந்து மணி ஆட்டமென்றால் நள்ளிரவு ஒரு மணிக்குள் வீடு சேரலாம். வேலூர், விழுப்புரம், காஞ்சிபுரம் பையன்களுக்கு இன்னும் சீக்கிரம். மாவட்டப் பள்ளி அணிகளுக்கு ஓர் ஆட்டத்துக்கு ஐம்பது இருக்கை ஒதுக்கினாலே ஏழு ஆட்டத்தில் 350 பையன்களும் பெண்களும் தங்கள் மாநிலத்து அணியை முதல் முறையாக நேரில் பார்த்திருப்பார்கள். ஜூன் 11 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் மெக்சிகோவிலும் உலகக் கோப்பை தொடங்கிவிடும், அதன் பிறகு அவர்கள் கண் வேறெங்கும் திரும்பாது. அதற்கு முன்னால் இருக்கும் இந்த மூன்று மாதத்துக்குள் அவர்களை நேரு அரங்கத்துக்கு அழைத்துவிடுங்கள்.